கௌபாய் வேலை

என் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் கௌபாய் ஆனார். நான் நக்கலுக்குச் சொல்லவில்லை, அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். யாழ்ப்பாணத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் கௌபாய் சித்திரக்கதைகளை மறைத்து வைத்துப் படித்த மனிதர். ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினார். பிறகு பீலெஃபெல்டுக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் வேலை கிடைத்தது. உடனே போய் அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கி வந்தார்.

“கண்டறியாத தொப்பி,” என்றேன். ஆனால் கொலோனில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்துப் பெருமையடித்ததும் நான்தான்.

வேலை முடிந்து வந்தால் ஒரு கிழட்டுப் பசுவைப் பற்றித்தான் கதை. கழுத்தைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்குமாம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பட்டிப்பொங்கலுக்கு மாடு இல்லாமல் படத்துக்குத்தான் படைத்து வந்திருக்கிறேன். இந்த முறை உண்மையான மாட்டுக்கு, அதுவும் அந்தப் பசுவுக்கு, என் கையால் ஊட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

“அது வேலை செய்யிற இடமப்பா. நீர் வர வேண்டாம்,” என்றார்.

நான் கேட்கவில்லை. பொங்கிய கையோடு பஸ் ஏறிப் போனேன்.

குதிரை இல்லை, புல்வெளியும் இல்லை. மாடுகள் கொங்கிறீட் தரையில் வரிசையாக நின்று தாங்களாகவே ஒரு ரோபோவிடம் பால் கொடுத்தன. இவருடைய இடம் கொட்டிலோடு ஒட்டிய சின்ன அறை. கணினித் திரை முழுக்க எண்கள். இதற்கா தொப்பி என்று சிரிப்புத்தான் வந்தது.

கொட்டிலின் கடைசியில் ஒரு பசு தனியாக அடைபட்டு நின்றது. முன்னால் ஒரு பிடி வைக்கோலும் இல்லை. நான் பொங்கலை உருட்டி நீட்டினேன். அது நாக்கை நீட்டும் நேரம் இவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

“குடுக்காதையும். இவளுக்கு இண்டைக்குச் சாப்பாடு இல்லை.”

“ஏன்?”

“லொறி வருது.”

மற்றக் கையால் அதன் கழுத்தைச் சொறிந்தார், அது கண்ணை மூடிக்கொண்டது. அதுதான் அந்தப் பசு. பட்டிப்பொங்கலன்று பசுவைப் பட்டினி போட்டு வெட்ட அனுப்புகிறார்களா? பண்ணைக்காரி அந்தப் பக்கம் வந்தார். நான் அரைகுறை டொச் மொழியில் அவரைப் பிடித்து ஏசினேன். அவர் கோபிக்கவில்லை. “பட்டியல் போடுவது உங்கள் கணவர்தான்,” என்றார்.

நான் இவரைப் பார்த்தேன்.

“ஓம்,” என்றார். “பால் குறைஞ்சதுகளை ஒவ்வொரு கிழமையும் நான்தான் பிரிக்கிறனான். கண்டுக்குட்டியிலையிருந்து வளர்த்ததுகளை அனுப்ப அவவுக்கு ஏலாதாம். அதுக்குத்தான் வெளி ஆள் தேடினவை.”

என் பக்கத்தில் படுத்துத் தூங்கும் மனிதர் இவர். கிழமைக்குக் கிழமை இதைச் செய்துவிட்டு வந்து என் கையால் சாப்பிட்டிருக்கிறார். எனக்கு இவர்மேல் அருவருப்பாக இருந்தது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை, அவரும் கண்டுகொண்டார்.

லொறி வந்தது. சாரதி தட்டிப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான். பசு நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அசைய மறுத்தது. சாரதி மின்கோலை எடுத்தான்.

“அது வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு இவர் சாய்பலகையில் ஏறி லொறிக்குள் போனார். உள்ளே இருட்டில் நின்று, “வா அம்மா, வா,” என்று தமிழில் கூப்பிட்டார்.

பசு காதை நிமிர்த்தியது. ஒரு தயக்கமும் இல்லாமல் அவர் குரலுக்குப் பின்னால் நடந்து ஏறியது. சாரதி கதவைப் பூட்டினான். இவர் பக்கத்துச் சின்னக் கதவால் தனியாக இறங்கி வந்தார்.