குடியை விடச் சொல்கிற உத்தியோகம்

ஊசியும் மருந்தும் இல்லாமல், வெறும் வாயால் ஒருவரைக் குடியிலிருந்தும் புகையிலையிலிருந்தும் திருப்பப் பார்ப்பதுதான் என் வேலை. ஆளுக்கு ஐந்து நிமிடம். வீட்டில் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவர்களே, என் பாடு உங்களுக்குத் தெரியாததா? மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி நான். பயிற்சியில் எல்லோருக்கும் ஒரே பேச்சைத்தான் சொல்லித் தந்தார்கள். முதல் கிழமையே அது படுத்துவிட்டது.

தொப்பியைத் தேடி வந்தவர்

முசலிப் பக்கத்து முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் வயிற்றெரிவோடு மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடிப்பதுண்டா என்று கேட்டேன். எங்கட ஆக்களிடம் இதைக் கேட்கலாமா என்று மச்சான் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தேன்.

சற்று நேரத்தில் கடைக்காரர் மட்டும் திரும்பி வந்தார். தொப்பியை விட்டுவிட்டுப் போனாராம். தொப்பி அவர் தலையிலேயே இருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

"மச்சானை வச்சுக்கொண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது, மிஸ்?"

வயலில் ஓர் ஓய்வு

கட்டுக்கரையிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண் வெற்றிலையோடு புகையிலையும் போடுவாள். பிள்ளை நிறை குறைந்து பிறக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. எப்போது போடுகிறாய் என்று கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. களை பிடுங்கும்போது வெற்றிலை போடுகிறவர்கள் மட்டும் வரம்பில் குந்தலாம். சும்மா குந்தினால் ஏச்சு விழும்.

அவளுக்கு வேண்டியது புகையிலையே அல்ல, கொஞ்ச நேர ஓய்வு. எனக்கு மனம் கனத்துப்போனது. இஞ்சித் துண்டொன்றைச் சப்பிக்கொண்டு அவர்களோடு குந்தச் சொன்னேன். அடுத்த கிளினிக்குக்குச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வாய் அசைஞ்சாப் போதும் மிஸ், இருக்க விடுகினம்."

தவக்காலம் முடிந்தால்

கத்தோலிக்கக் கடற்றொழிலாளி ஒருவருக்கு ஈரல் பழுதாகியிருந்தது. இனிக் குடித்தால் ஆள் தப்பாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாலு வயதில் ஒரு மகள். அவர் வந்தது தவக்காலத்தில், உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தைய நோன்பு நாட்களில். வருடாவருடம் அந்த நாட்களில் தொடவே மாட்டார். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டாளிகளோடு தொடங்கிவிடுவார். இந்த முறையும் அப்படித்தான் நடக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

காட்டுவதற்கு எடுத்த ஈரல் படத்தை மூடிவைத்துவிட்டு, இப்போது மட்டும் எப்படி முடிகிறது என்று கேட்டேன். தவக்காலத்தில் ஒருவரும் ஊற்றித் தரமாட்டார்களாம். மற்ற நாளில் வேண்டாம் என்றால் கூட்டாளிகளுக்கு அவமரியாதையாம். அப்படியானால் மாதாவுக்கு நேர்த்திக்கடன் ஒன்று வைத்தால் மதிப்பார்களா என்று கேட்டேன். யோசித்துக்கொண்டு எழுந்து போனார்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது. கடைசியில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெளிந்த கண்ணோடு வந்து நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஆவணி மடு மாதா திருநாள் வரைக்கும் பிள்ளைக்காக நேர்த்தி எண்டு சொல்லிப்போட்டன். அதுக்குப் பிறகு என்ன சொல்லுறது எண்டு நீங்கள்தான் யோசிச்சு வைக்கோணும், மிஸ்."

ஆவணி நெருங்குகிறது; சைவ சமயத்துக்காரி நான், மடு மாதாவிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.