மணிவேல் எடுத்த ஒடுக்கு

என் அக்கா வீட்டுக்காரர் மணிவேலை நினைத்தால் இன்னமும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நல்ல மனுஷன்தான். போலீஸில் டிரைவராகச் சேர்ந்து டிரைவராகவே ரிட்டையர் ஆனவர். ஒரு டீக்குக்கூட யாரிடமும் கை நீட்டாதவர். ஆனால் அவர் தனக்குத்தானே செய்துகொண்ட மாதிரி ஒரு காரியத்தை எதிரிகூடச் செய்ய மாட்டான்.

அவர் ரிட்டையர் ஆன வருஷமே அவர் ஓட்டிய ஜீப்பையும் கழித்து ஏலம் விட்டார்கள். ஊரே சிரிக்க அதை எடுத்து வந்து, அடி அண்ணாமலையில் என் கூல்ட்ரிங்ஸ் கடைக்கு எதிரே நிறுத்தினார். சுழல் விளக்கையும் சைரனையும் இலாகாவிலேயே கழற்றிக்கொண்டார்கள். ‘காவல்’ என்ற எழுத்தின் மேல் அவரே பெயின்ட் அடித்தார். ஆனாலும் காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தடித்துத் தெரியும். கூரையில் விளக்கு இருந்த ஓட்டைகள், டேஷ்போர்டில் வயர்லெஸ் மாட்டிய இரும்புச் சட்டம், இடது மட்கார்டில் ஒரு பெரிய ஒடுக்கு. இதுதான் அவருடைய சொத்து.

அந்த ஒடுக்கை வைத்து என் அக்கா சந்திரகலா அவரைப் படுத்தாத பாடில்லை. சர்வீஸில் இருந்தபோது வண்டியை ஒரு கல் மண்டபத்தில் இடித்து மெமோ வாங்கியவர் அவர். “செவுரு கண்ணுக்குத் தெரியாத டிரைவரு” என்று விருந்தாளி வந்தால்கூடச் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சிரித்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார்.

போன வருஷம் அவருக்கு இடது கண் மங்கிவிட்டது. ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டிக்கும் இனி ரோட்டில் ஓட எஃப்.சி. கிடைக்காது. பழைய இரும்புக் கடைக்காரன் தினமும் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அதை வெட்டிப் போடுவார்கள் என்ற நினைப்பிலேயே மாமா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். ஓட வேண்டாம், முழுசாக எங்கேயாவது நின்றால் போதும் என்பார்.

அந்த நேரத்தில்தான் அறிவுமதி வந்தார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஷெட்டில் பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருக்கிற அம்மா. கிரிவலம் வந்தவர் என் கடையில் சோடா குடித்தபடியே எதிரே பார்த்தார். பாதிச் சோடாவை வைத்துவிட்டு ஓடினார். ஓட்டைகளைத் தொட்டார், சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், ஒடுக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இதை எனக்குக் குடுங்க சார். வெட்ட மாட்டேன், ஓட்ட மாட்டேன். கூரைக்குக் கீழ பத்திரமா நிக்கும். வர ஞாயித்துக்கிழமை ஆளுங்களோட வந்து ஒரு தடவை நல்லாப் பாத்துட்டு எடுத்துக்கறேன். நீங்க எதுவும் பண்ண வேணாம், அப்படியே வைங்க” என்றார்.

மாமா விறைப்பாக நின்று “சரிங்கம்மா” என்றார். அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

வினையே அந்த ‘எதுவும் பண்ண வேணாம்’தான். போலீஸ் டிரைவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரிய அதிகாரி வண்டிகளைப் பார்வையிட வரும்போது, ‘ஒண்ணும் செய்யாதீங்கய்யா, சும்மா பாத்துட்டுப் போறேன்’ என்றுதான் சொல்லி அனுப்புவார். அதை நம்பிச் சும்மா இருந்தவன் செத்தான். டயருக்குக் கறுப்படிக்க வேண்டும், கீறலை மறைக்க வேண்டும், கண்ணாடியில் அவர் முகம் தெரிய வேண்டும். சர்வீஸ் முழுக்க அந்தப் பேச்சை அப்படியே நம்பாமல் இருந்துதான் மாமா நல்ல பேர் வாங்கினார்.

மறுநாளே வண்டியை டவுனில் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனார். “மொதல்ல அந்த ஒடுக்க எடுக்கச் சொல்லுங்க, மானம் போவுது” என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள். ஒடுக்கைத் தட்டி எடுத்து, பட்டி பூசித் தேய்த்து, ஓட்டைகளை வெல்டிங்கில் அடைத்து, எழுத்தைச் சுரண்டி, சட்டத்தை அறுத்து எறிந்து, வெள்ளை பெயின்ட் அடித்துக் கொண்டு வந்தார். கல்யாணப் பெண் மாதிரி பளபளவென்று நின்றது. நானும்தான் பார்த்து மெச்சினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வண்டிக்குப் பொட்டு வைத்தாள். மாமா சலவைச் சட்டை போட்டு வண்டிக்குப் பக்கத்தில் அட்டென்ஷனில் நின்றார். காரிலிருந்து இறங்கிய அறிவுமதி இரண்டடி நடந்து அப்படியே நின்றுவிட்டார்.

“இங்க ஒரு ஒடுக்கு இருந்துதே?”

“எடுத்துட்டேம்மா.”

அந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு இடமாகத் தடவினார். என் கடைப் பெஞ்சில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

“சார், பளபளன்னு ஜீப் வேணும்னா என் ஷெட்லயே பண்ணிக்குவேன். உழைச்ச போலீஸ் வண்டியைப் பண்ண முடியாது. ஓட்டை, சட்டம், எழுத்து, ஒடுக்கு, அதுங்கதான் சாட்சி. சில பேர் புதுசா ஓட்டை போட்டு ஏமாத்தறாங்க. உங்களோடது நெஜம். அதைப் போய்…”

“திரும்பப் போட்டுக் குடுத்துடறேம்மா” என்றார் மாமா.

“போட்டா அது பொய்யாயிடும் சார்.” பிறகு, “அந்த ஒடுக்கு எப்படி விழுந்தது?” என்று கேட்டார்.

மாமா மட்கார்டைப் பார்த்தபடியே சொன்னார். “தீபத்துக்கு மொத நாளுங்க. செங்கம் ரோட்டுல ஜனம் ஜாஸ்தி. கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு குறுக்க ஓடியாந்து, கால் தடுக்கி முன்னாடியே வுழுந்துடுச்சி. பிரேக்கு போட்டா பத்தாது. ஒடிச்சி மண்டபத்துக் கல்லுல வுட்டேன். அது எழுந்து கொழந்தையத் தூக்கிக்கினு போயிடுச்சி. யாருன்னுகூடத் தெரியாது.”

அக்கா கையிலிருந்த குங்குமக் கிண்ணம் கீழே விழுந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா பயந்துக்குவ. அப்புறம் என்னை டூட்டிக்கே வுட்டிருக்க மாட்ட.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அறிவுமதி மாமாவைக் கும்பிட்டார், ஆனால் வண்டியை எடுக்கவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

அடுத்த வாரம் பழைய இரும்புக் கடைக்காரன் தராசும் லாரியுமாக வந்தான். “பெயின்ட்டு சூப்பருங்க. ஆனா பெயின்ட்டுக்கு எடை கெடையாது” என்றான். வண்டியை ஏற்றப் போகும்போது அக்கா ஸ்பேனரோடு வந்து வழிமறித்து, இடது மட்கார்டை மட்டும் கழற்ற வைத்தாள். வண்டி போகும்வரை மாமா வெளியே வரவில்லை.

அந்த மட்கார்டு இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. யார் வந்தாலும் அக்கா கையைப் பிடித்து இழுத்துப் போய் ஒரு இடத்தைத் தொடச் சொல்கிறாள். “இங்கதாங்க இருந்துச்சி” என்கிறாள். நானும் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று இருக்கிறது.