யெஸ்ங்க டீச்சர்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுத ஒரு அண்ணி உட்காருவது பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொல்லங்கோட்டில் இதுவே முதல் தடவையாக இருக்கும். செல்வப்பிரியாவுக்கும் எனக்கும் சண்டை வராத வாரம் கிடையாது. எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்று கூப்பிடுவார்கள். அவள் "நங்கை..." என்று இழுத்தாலே ஏதோ வம்பு வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். அதற்காக உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

பத்தாவது வரை அவள் தமிழ் மீடியம். ப்ளஸ் ஒன் சேர்ந்தது மலையாளமும் இங்கிலீஷுமாகப் பேசுகிற ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில். முதல் நாளே இங்கிலீஷ் மாஷ், அதாவது வாத்தியார், அவளைப் பார்த்து, புரிந்ததா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். எழுந்து நின்று, "யெஸ்ங்க" என்றாள். பெரியவர்களிடம் 'ங்க' போடாமல் பேசினால் எங்கள் வீடுகளில் வாயிலேயே போடுவார்கள். மாஷிடம் போய் மொட்டையாக 'யெஸ்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயரே 'யெஸ்ங்க' என்றாகிவிட்டது. இரண்டு வருடம் அந்த வகுப்பில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீம்பு பிடித்தவள். காலேஜில் இங்கிலீஷையே எடுத்துப் படித்தாள், எம்.ஏ., பி.எட். முடித்தாள்.

அப்புறம் பத்து வருடம் ஊரில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் குறைந்துபோய்ப் போன வருடம் அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர் மோகனசுந்தரம், பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி ஆபீசில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்து வைத்தார். மகராசி அதற்குள் இன்டர்நெட்டில் விண்ணப்பம் போட்டுத் தாய்லாந்தில் டீச்சர் வேலை வாங்கிவிட்டாள்.

"மூணு மாசத்துல திரும்பி வந்துருவ பாரு" என்றார் அவர். சும்மா சொல்லவில்லை. வேலைக் கடிதத்திலேயே மூன்று மாதம் பரீட்சார்த்தம் என்று போட்டிருந்தது. முடிவில் பெற்றோர்கள் முன்னால் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். பிள்ளைகள் இங்கிலீஷில் பேசினால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் டிக்கெட்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போச்சுன்னா நான் மறுபடியும் டீச்சராகவே முடியாதுங்க நங்கை" என்றாள். அவள் என்னிடம் சண்டை போடாமல் பேசியது அன்றைக்குத்தான்.

போனது வடக்குத் தாய்லாந்தில் ஒரு சின்ன ஊர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேர். அங்கே இங்கிலீஷ் பிரிவுக்குத் தலைவி சிரிபோன் என்ற அம்மாள். முதல் நாளே அவர், பெற்றோர்கள் வெள்ளைக்கார டீச்சரைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்குக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பெண்ணுக்கு என்ன குறைச்சல்?

ஆனால் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பார்கள், சிரிப்பார்கள், தலையைக் குனிந்துகொள்வார்கள். நோட்டில் எழுதச் சொன்னால் அழகாக எழுதுவார்கள். ஒரு வாரம் இல்லை, ஏழு வாரம் இப்படி. பாட்டு, படம், விளையாட்டு என்று அவளும் குட்டிக்கரணம் போட்டுப் பார்த்தாள்.

"சுவத்துக்குப் பாடம் நடத்தற மாதிரி இருக்குதுங்க நங்கை. தொண்டத்தண்ணி வத்திப் போச்சு" என்று வீடியோ காலில் அழுதாள்.

எட்டாவது வாரம் சனிக்கிழமை சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் வகுப்பு மாணவி ப்ளாய், அம்மாவோடு மாம்பழக் கடையில் நின்றிருந்தாள். இனிக்குமா என்று செல்வப்பிரியா இங்கிலீஷில் கேட்டாள். "யெஸ் கா" என்று வாய் தவறிச் சொன்ன ப்ளாய், சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்வப்பிரியா அப்படியே நின்றுவிட்டாள். தாய்லாந்தில் பெண்கள் மரியாதையாகப் பேசினால் முடிவில் 'கா' சேர்ப்பார்கள், ஆண்கள் 'க்ரப்' சேர்ப்பார்கள். இவளும் இரண்டு மாதமாகத் தினம் கேட்பதுதான். அது நம்ம 'ங்க' என்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஏன் வாயை மூடினாய் என்று கேட்டாள். ப்ளாய் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள்: "இங்கிலீஷ் வகுப்பில் தாய் வார்த்தை பேசக் கூடாது என்று சுவரில் அட்டை மாட்டியிருக்கிறது. கா சொல்லாமல் டீச்சரிடம் பேசினால் மரியாதைக் கேடு. அதனால் பேசுவதில்லை."

திங்கட்கிழமை வகுப்பில் அவள் செய்த முதல் வேலை, அந்த அட்டையைச் சுவரிலிருந்து கழற்றியது. இரண்டாவது வேலை, பலகையில் 'யெஸ்ங்க' என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் தன் கதையைச் சொன்னது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "கா போடுங்கள், க்ரப் போடுங்கள். முதலில் பேசுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்றாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

மூன்றாம் நாள் சிரிபோன் மேடம் வந்துவிட்டார். "இது என்ன இங்கிலீஷ்? பெற்றோர் முன்னால் இப்படிப் பேசினால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்.

"நான் சொல்கிறேன் மேடம்" என்றாள் செல்வப்பிரியா. சொன்னாளே தவிர, அந்த மூன்று வாரமும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. கூட வேலை பார்க்கிற ஒரு டீச்சர் போனில் எங்களுக்கு நேரலையாகவே காட்டினார். வகுப்புக்குப் பின்னால் பெற்றோர்கள், முன் வரிசையில் சிரிபோன் மேடம். முதலில் ப்ளாய் எழுந்தாள். அம்மாவின் கடை, தோட்டம், எந்த மாம்பழம் எப்போது பழுக்கும் என்று இங்கிலீஷில் கொட்டினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'கா'. பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிபோன் மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கா இல்லாமல் சொல்ல வருமா?"

செல்வப்பிரியாவின் முகம் வெளுத்துவிட்டது.

ப்ளாய் கைகூப்பினாள். "வரும் மேடம். ஆனால் உங்களிடம் வராது கா" என்று இங்கிலீஷில் சொன்னாள். பிறகு பக்கத்தில் இருந்த தோழியின் பக்கம் திரும்பி, சொன்னது அத்தனையையும் ஒரு 'கா' கூட இல்லாமல், தடுமாறாமல், முதலிலிருந்து திரும்பச் சொன்னாள். தோழி ஒரு கேள்வி கேட்டாள். அதிலும் 'கா' இல்லை. இவள் பதில் சொன்னாள். அடுத்த பெஞ்சுக்காரன் அதில் தப்புக் கண்டுபிடித்தான். அவனை இன்னொருத்தி மறுத்தாள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தார்கள்.

"அடேங்கப்பா, என்னா பேச்சுப் பேசுதுக!" என்று என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பெற்றோர்களில் ஒரு ஆள், பெரிய மீசைக்காரர், கையைத் தூக்கி, "டீச்சர், ஐ ஆல்சோ ஸ்பீக் க்ரப்!" என்றார். கூட்டம் கைதட்டியது.

சிரிபோன் மேடம் ஏதோ அறிவிக்க எழுந்தார். யார் காதிலும் விழவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்துப் பலகையில் பெரிதாக எழுதினார்: 'செல்வப்பிரியா டீச்சர், இன்னும் இரண்டு வருடம்.'

அதைப் படித்ததும் அவள் அழுதுவிட்டாள். இங்கே நானும்தான் அழுதேன், மறைப்பானேன்? பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையைப் படபடவென்று தட்டி, "சைலன்ஸ்! சைலன்ஸ் ப்ளீஸ்!" என்று கத்தினாள். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.