மறுநாளும் விரிந்து நின்ற செம்பருத்தி

நேற்று முன்தினம் காலையில் ராமநாதபுரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். சவரிமுத்து மாஸ்டரின் மைத்துனர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "மாஸ்டர் போய்ட்டாக. சாயங்காலம் அடக்கம்" என்றார். மீனை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். இந்த வயதில் சாவுச் சேதிகளும் பழகித்தான் போகின்றன. இது பழகவில்லை.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கிற உங்களில் பலர் அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். மண்டபம் ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் அவர் மாஸ்டர், நான் டிக்கெட் கிளார்க். உப்புக்காற்றையும் நேரத்துக்கு வராத வண்டிகளையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் இந்த மனிதர் பிளாட்பார வேலியோரம் செம்பருத்தி வளர்த்தார். வளர்த்தால் போதாதா? ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவிப் புது ஜாதி உண்டாக்க வேண்டுமாம். செம்பருத்தி காலையில் விரிந்து அந்தியில் சுருங்கிவிடும். மறுநாளும் விரிந்து நிற்கிற ஒன்றை ரிட்டையராவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு நாள் பூத்தால் ஆகாதா என்று சலித்துக்கொண்டேன். "நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்கி எந்திரிச்சா எல்லாம் சுருண்டு கெடக்கு தம்பி. நான் எப்பப் பாக்குறது?" என்றார்.

எந்தப் பூவில் எதைத் தடவினார் என்று தெரிவதற்காகக் காம்பில் கலர் நூல் கட்டுவார். அதுதான் வினையாகப் போயிற்று. ராமேஸ்வரத்துக்குப் பிள்ளை வரம் கேட்டுப் போகிற சனம், எதிர்வண்டிக்காக ரயில் நிற்கையில் இறங்கும். நூலைப் பார்த்தவர்கள் இது வேண்டுதல் செடி என்று நினைத்துவிட்டார்கள். முந்தானையில் நூலுருவி ஆளாளுக்குக் கட்டினார்கள். ஒருநாள் வந்து பார்த்தால் செடி முழுக்க நூல். எது அவர் கட்டியது, எது அவர்கள் கட்டியது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலோடு போனேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க தம்பி. எங்க வீட்லயும் ஒருத்தி இப்பிடிக் கட்டாத எடமில்ல" என்றார். அவருக்குப் பிள்ளை கிடையாது. கத்தரிக்கோலைக் கொண்டுபோய் டிக்கெட் மேஜைக்குள் போட்டேன்.

காய்த்ததையெல்லாம் யார் கட்டிய நூல் என்று பிரித்துப் பார்க்காமல் விதைத்தார். குளித்த தண்ணீரைச் சுமந்து ஊற்றினார். அநேகமாக எல்லாம் பழைய சிவப்பாகவே பூத்துத் தொலைந்தன. ரிட்டையராகும் வருஷம் ஓரத்துச் செடியொன்று இளஞ்சிவப்பாகப் பூத்தது. மறுநாள் காலை நான்தான் முதலில் பார்த்தேன், விரிந்தபடியே நின்றது. ஓடிப்போய் அவரை எழுப்பினேன். வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றார். அழுதார்.

ஸ்டேஷன் தோட்டம் பார்க்க வந்த ரயில்வே அதிகாரி, எதோடு எதைச் சேர்த்தீர் என்று கேட்டார். எதையாவது சொல்லுங்கள் என்று நான் கண் காட்டினேன். "தெரியாதுங்கய்யா. நூல் கட்டுனவுக நெறயப் பேரு" என்றார். அதிகாரி சிரித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் வயிறெரிந்தது.

அந்தச் செடியில் வெட்டித் தந்த குச்சி என் வீட்டுக் கிணற்றடியில் தழைத்து நிற்கிறது. அவர் என்று என்னிடம் மிஞ்சியது அதுதான். பூத்த மறுநாளெல்லாம் ஊரின் மறுகோடியிலிருந்த அவர் வீட்டுக்குச் சைக்கிளில் போய்ச் சொல்வேன். "நிக்குதா?" என்பார், நம்பாதவர் போல.

இன்று காலை பார்த்தேன். நேற்றுப் பூத்தது நிற்கிறது. அவரிடம் சொல்லக் கிளம்பி, சைக்கிளை என் வீட்டு வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.