மண்டி போட்டுப் பாருங்கள்

முட்டி பேட் விற்கிற தொழிலில், வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும்; முட்டி மறக்காது.

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், விளையாட்டுச் சாமான் கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். கிரிக்கெட் மட்டை, ஷட்டில், ஸ்கேட்டிங் சக்கரம் எல்லாம் உண்டு. இப்போதெல்லாம் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். ரைபிள் கிளப்காரர்கள், செக்யூரிட்டி கம்பெனியில் கன்மேன் வேலைக்குப் பழகுகிறவர்கள். அங்கே நின்று சுட வேண்டும், படுத்துச் சுட வேண்டும், மண்டி போட்டும் சுட வேண்டும். மண்டி போடும்போதுதான் அவர்களுக்கு எங்கள் கடை ஞாபகம் வரும். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளுகிற சகோதர சகோதரிகளே, இனி சொல்லப்போகிற எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தேங்காய்ப் பரிசோதனை

முட்டி பேட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத் தேங்காய் மாதிரி தட்டிப் பார்ப்பார்கள். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் நல்ல பேட். அப்புறம் மாட்டிக்கொண்டு நேராக நிற்பார்கள், கண்ணாடியில் பார்ப்பார்கள், 'சூப்பர்' என்பார்கள். நிற்கும்போது எந்தப் பேட்தான் சூப்பராக இருக்காது? காலை மடக்கினால்தானே அது மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று தெரியும். அதனால் வாசலை ஒட்டிய மொசைக் தரையில் மண்டி போட்டுப் பார்க்காத யாருக்கும் நான் பில் போடுவதில்லை. என்னோடு வேலை பார்க்கும் பஷீர் பாய்க்கு இது பிடிக்காது. கடைக்கு வருகிறவர்களைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மண்டி போட வைக்கிறேனாம்.

ஒருநாள் வேட்டி கட்டிய மாமா ஒருவர் வந்தார். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆகி, ரைபிள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்திருந்தார். பேட்டை மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பேச்சைத் தட்டாமல் மண்டி போட்டார். பேட் அசையவில்லை. மாமாவும் அசையவில்லை. கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேட் பாஸ், நான்தான் ஃபெயில். செத்த கை குடும்மா."

குடையும் துப்பாக்கியும்

ஸ்டெல்லா வந்தபோது கடையில் கூட்டமில்லை. நொச்சிக்குப்பத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். அம்மா அங்கேயே ரோட்டோரத்தில் மீன் விற்கிறார். ஸ்டெல்லா ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி. வருகிற வண்டியின் நம்பரை எழுதுவதுதான் வேலை. இப்போது கம்பெனி அவளைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. தேறினால் தி.நகரில் ஒரு நகைக்கடையில் கன்மேன் வேலை. மூன்று நிலையில் ஒன்றில் தவறினாலும் திரும்ப அதே கேட்.

போன வருஷம் மொபெட்டிலிருந்து விழுந்ததில் வலது முட்டியில் பெரிய தழும்பு. அவள் மண்டி போடுவது அந்தக் காலில்தான். "டாக்டர்கிட்ட காட்டிட்டேன்க்கா. எலும்புலாம் நல்லாத்தான் கீதாம். தரையில பட்டா மட்டும் உயிர் போவுது" என்றாள். பஷீர் பாய் வழக்கம்போல, பிளாஸ்டிக் ஓடு வைத்த கெட்டிப் பேட்டை எடுத்து நீட்டினார். மாட்டி மண்டி போட்டவள் துள்ளி எழுந்தாள். ஓடு நேராகத் தழும்பிலேயே அழுத்துகிறது. நான் உள்ளே போய், நடுவில் குழிவிட்டு, சுற்றிலும் மட்டும் பஞ்சு வைத்த பேட்டைத் தேடி எடுத்து வந்தேன். பாரம் சுற்றியுள்ள பஞ்சுக்குப் போய்விடும். தழும்பு குழிக்குள் சும்மா இருக்கும்.

கடைக் குடையைத் துப்பாக்கியாகத் தோளில் வைத்து, தெருவைப் பார்த்து மண்டி போட்டாள். முகத்தில் வலி இல்லை. அசையாமல் அப்படியே இருந்தாள். எதிரே பூக்கட்டும் அம்மா எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, எந்த சாமிக்கு வேண்டுதல் என்று பயபக்தியோடு கேட்டார். ஸ்டெல்லா குடையை இறக்காமலே சொன்னாள்: "வேலைக்குத்தான் ஆயா."

நழுவிய கதை

நாலைந்து நாளில் பேட்டும் கையுமாகத் திரும்பி வந்தாள். கோபமாக இருந்தாள். முட்டியில் மாட்டிய பேட், ஓடி வந்து மண்டி போடுவதற்குள் கணுக்காலுக்குப் போய்விடுகிறதாம். நழுவக் கூடாதே என்று முட்டிக்குப் பின்பக்க மடிப்பில் பட்டையை இறுக்கிக் கட்டியிருக்கிறாள். கால் மரத்துவிட்டது. 'எழுந்திரு' என்று உத்தரவு வந்ததும் எழுந்தவள், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள். பயிற்சி கொடுக்கிற மேடம் இன்னொரு தடவை இப்படி நடந்தால் லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். டெஸ்டுக்கு ஒரு வாரம்கூட இல்லை. சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது.

என்ன பேன்ட் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறாய் என்று கேட்டேன். யூனிஃபார்ம் பேன்ட், கஞ்சி போட்டு அயர்ன் பண்ணியது. கடையில் மாட்டிப் பார்த்ததோ லெகிங்ஸில். லெகிங்ஸில் அட்டையாக ஒட்டிய பேட், கஞ்சித் துணியில் சறுக்காமல் என்ன செய்யும்? "போய் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு வா" என்றேன். சாயங்காலமே தொப்பி, பூட்ஸ் சகிதம் வந்து நின்றாள். அந்த உடுப்பைப் பார்த்ததும் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒருவர் சட்டென்று பேரத்தை நிறுத்திவிட்டார்.

காலை மடக்கி வைத்தபடியே பட்டை போட்டுவிட்டேன். முட்டிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மடிப்பில் எதுவும் இல்லை. அப்படியும் கொஞ்சம் சறுக்கியது. அதுவரை தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த பஷீர் பாய் உள்ளே போனார். டேபிள் டென்னிஸ் மட்டையில் ஒட்டும் புள்ளி ரப்பரை வெட்டி வந்து, பேட்டின் உள்பக்கம் கோணி ஊசியால் தைத்தார். ஸ்டெல்லா கடைக்குள்ளேயே ஓடினாள், மண்டி போட்டாள், எழுந்தாள், மறுபடி ஓடினாள். பேட் வைத்த இடத்தில் இருந்தது. பஷீர் பாய் ஊசியைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு சொன்னார்: "பந்து அடிக்க வந்த ரப்பரு, திருடனப் புடிக்கப் போவுதும்மா."

டெஸ்டுக்கு அப்புறம்

டெஸ்ட் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. ஷட்டில் கேட்டவருக்கு ஸ்கிப்பிங் கயிறு எடுத்துக் கொடுத்தேன். என் மகள் பிளஸ் டூ எழுதியபோதுகூட நான் இப்படித் தவிக்கவில்லை. அன்று போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போயிற்று, திரும்ப அந்த கேட்தான் என்று நினைத்துக்கொண்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் பஷீர் பாய் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார். அதில் அவருக்கும் கவலை என்று தெரிந்தது.

அடுத்த வாரம் புது யூனிஃபார்மில் வந்தாள். தேறிவிட்டாள். நின்றதிலும் படுத்ததிலும் சுமார், மண்டி போட்டதில்தான் குறி நன்றாக விழுந்ததாம். தகவல் சொல்ல நேரமே இல்லை, மறுநாளே நகைக்கடையில் டூட்டி போட்டுவிட்டார்கள் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஷட்டில் டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தேன்.

பேட் இப்போது எப்படி இருக்கிறது என்று பஷீர் பாய் பெருமையோடு கேட்டார். ஸ்டெல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னாள்: "மண்டி போடற வேலையே இல்ல பாய், காலைலேர்ந்து கடை மூடற வரைக்கும் வாசல்ல நின்னுக்கினே கீறேன். குதிகாலுக்கு எதுனா கீதா?"

ஒருவரின் முட்டியைக் கரையேற்றிவிட்டு நிமிர்வதற்குள் அவரே குதிகாலோடு வந்து நிற்பதுதான் எங்கள் தொழிலில் வெற்றி என்பது.