ஏரி குடித்த அரக்கனுக்குப் புது வயிறு

ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் நானே ஏறி உட்கார்ந்தேன். என் புத்திக்கு இதைவிடச் சுருக்கமான சான்றிதழ் கிடையாது. அறுபதுகளின் தொடக்கம். திருநெல்வேலியிலிருந்து நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்துக்கு வரைபடம் போடும் வேலையில் பர்மனென்ட் ஆகி, ஒண்டிக்கட்டைக்கு ஒரு குவார்ட்டர்ஸும் வாங்கியிருந்தேன். தலை கொஞ்சம் கனத்திருந்த காலம். உடம்பும் கனம்தான் என்பது பிறகு தெரிந்தது.

சுரங்கத்துக்காக ஊரையே காலி செய்துவிட்டுப் போன குடும்பங்களின் பையன்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கான்ட்ராக்டில் மண் வெட்டினார்கள். அவர்கள் ஊருக்கென்று ஒரு கதை உண்டு. ஏரியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மல்லாந்து தூங்கினான் ஓர் அரக்கன். நெல் குத்திக்கொண்டிருந்த பெண்ணொருத்தி உலக்கையோடு போய் அவன் வயிற்றில் ஒரு போடு போட்டாள். ஏரி திரும்பி வந்தது. வருடா வருடம் ஏரிக்கரையில் மண்ணால் அரக்கனைச் செய்து, ஆடிப் பாடி, வயிற்றை உடைப்பார்கள். இப்போது ஏரியும் இல்லை, கரையும் இல்லை. சனங்கள் ஆளுக்கொரு திசையில்.

"கதயயும் வுட்டுட்டா, எந்த ஊருன்னு கேட்டா என்னாத்தடா சொல்றது?" என்று உலக்கைக்காரி வேஷம் கட்டும் பையன் கிளப்பிவிட, எங்கள் பிளாக்கின் காலி மைதானத்தில் அரக்கனைப் படுக்கவைத்தார்கள். ஊரைத் தோண்டுவதற்கு முன்பே மூட்டை கட்டி எடுத்துவந்திருந்த மண். உடைந்த பீங்கான் கோப்பைகள் பற்களாயின. கரிக்கட்டிகள் சுருட்டை முடியாயின. மீசை மட்டும் எங்கள் சூப்பர்வைசருடையது. அளவெடுத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"சார், சோறு தின்னுட்டு வந்துர்றோம். ஆடு மாடு ஏறிடப்போவுது, பாத்துக்கினு இருங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கால் வலித்தது. அரக்கனின் தொப்பை வழவழவென்று, வா ராசா என்றது. கதை எனக்குத் தெரியும். ஆனால் ஏரியை ஒரு பானையில் ஊற்றி உள்ளே புதைத்திருப்பார்கள் என்று எந்த வரைபடத்திலும் இல்லையே! உட்கார்ந்தேன். மடக்கென்று ஒரு சத்தம். ஏரி என் வேட்டி வழியாக வெளியேறியது.

திரும்பி வந்தவர்கள், சேற்றில் புதைந்து கிடந்த என்னைப் பார்த்தார்கள்.

"டேய், உலக்கையே வாணாம்டா. சாரே போதும்!" என்றான் ஒருவன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

உலக்கைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில், வேஷத்துக்காக அரும்பு மீசையை மழித்துவிட்டு வந்திருந்தான் அவன். "சனமெல்லாம் சாயங்கால பஸ்ஸுல வந்துரும் சார். வவுத்துலேர்ந்து தண்ணி வரலன்னா கத முடியாது. முடியாத கதய ஆடக்கூடாதுங்க. வவுத்து மண்ணெல்லாம் சேறாக் கரஞ்சிபோச்சி. மூட்டையில ஒரு புடி மண்ணுகூட இல்ல..."

என் குவார்ட்டர்ஸ் பின்னால் பப்பாளிக்குப் பாத்தி கட்டியிருந்தேன். "அந்த மண்ண எடுத்துக்கிடுங்க தம்பி. தண்ணிப் பானையும் இருக்கு" என்றேன்.

"டவுன்ஷிப் மண்ணு ஆவுமாடா?" என்றான் இன்னொருவன்.

உலக்கைக்காரி உடைந்த வயிற்றை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு வேஷத்துக்குக் கட்டியிருந்த புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கொண்டாந்து கொழைங்கடா" என்றான்.

சைக்கிளில் மூட்டை மூட்டையாக மண் வந்தது. நானும் மிதித்துக் குழைத்தேன். "சாருக்கு இந்த வேல நல்லா வருது. கான்ட்ராக்டுல சேத்துக்கலாம்டா" என்றார்கள். பர்மனென்ட் வேலையில் ஒருத்தரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

பஸ் வந்தது. காடாம்புலியூர்ப் பக்கமிருந்தும் வேறு எங்கெங்கோ இருந்தும் வந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பாட்டும் ஆட்டமும் முடிந்து உலக்கை இறங்கியது. என் குடிதண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கிளம்பியது. பெண்கள் குலவையிட்டார்கள், பிள்ளைகள் அந்தச் சேற்றில் விழுந்து புரண்டார்கள். உலக்கைக்காரி உலக்கையை ஊன்றிக்கொண்டு, பொட்டு கரைந்து மூக்கில் வழிய, சிரித்துக்கொண்டே அழுதான்.

அரக்கனின் மண்ணை ஆளுக்கு ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப்போவது அவர்கள் வழக்கம். உலக்கைக்காரிப் பையனுடைய அம்மா நேராக வயிற்றுப் பக்கமே வந்து பெரிய கையாக ஒரு பிடி அள்ளினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அம்மா, அது உங்க ஊரு மண்ணு இல்ல. எங்க வீட்டுப் பப்பாளிப் பாத்தி மண்ணு" என்றேன்.

அவள் நிமிராமல் அதை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"உன் வூடே எங்க முந்திரிக் கொல்லையிலதான் நிக்குது."