நாற்பத்தொரு முறை விலகியவர்

மெத்தைக் கடையில் அவருக்கு ‘சிஸ்டம் அக்கா’ என்று பெயர். பில் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தார். மூன்றாம் ஆண்டு, பில் மென்பொருளை எழுதிக் கொடுத்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, பிரிண்டர் மக்கர் பண்ணிய ஒரு நாளில் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் கணினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான். அதன்பிறகு மதிய இடைவேளைகளில் வீடியோ பார்த்துப் பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். நாற்பத்து நான்கு வயதில் பைத்தான். பல் செட் செய்யும் தொழில் பார்க்கும் அவருடைய கணவர், “பாம்பா?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி.

போன வருடம் கடைக்கு மாப்பிள்ளை வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். அதுவரை வீட்டுக்கு மட்டும் மாப்பிள்ளையாக இருந்தவர், விளம்பரப் பொறுப்பை ஏற்றதும் கடைக்கே மாப்பிள்ளையானார். வண்டியில் மெத்தை ஏற்றுகிறவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“அக்கா, மெத்தை வாங்கினவங்க மெயில் ஐடி எல்லாம் பில்லுல இருக்குல்ல? தினமும் காலையில எல்லாருக்கும் ஒரு மெயில் போகணும்” என்றார் மாப்பிள்ளை.

“அவங்கதான் வாங்கிட்டாங்களே?”

“தொடர்பு விட்டுப்போகக் கூடாதுக்கா.”

மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் ஒரு சேவையில் பணம் கட்டிச் சேர்ந்தார்கள். அந்தச் சேவையோடு வெளி நிரல்கள் பேசுவதற்கு ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. நேராக அந்த வாசலில் போய் நின்றால் ஆயிரம் சம்பிரதாயம். அதனால் அந்த நிறுவனமே கிளையண்ட் லைப்ரரி என்ற பெயரில் ஒரு நிரல் தொகுப்பை இலவசமாகக் கொடுத்திருந்தது. சொல்ல வேண்டியதை அதனிடம் சொன்னால் போதும், போய்ச் சொல்லிவிட்டுப் பதிலையும் வாங்கி வந்துவிடும். அக்கா அதை நிறுவினார். ரகசியச் சாவியைத் தனிக் கோப்பில் வைத்தார். விளக்கக் குறிப்பில் இருந்த மாதிரியை அப்படியே எடுத்துப்போட்டு, தேவையான இடங்களை மட்டும் மாற்றினார். தினமும் காலை ஆறு மணிக்கு பில்லில் உள்ள முகவரிகளையெல்லாம் அந்த நிரல் சேவையிடம் ஒப்படைக்கும். ஆறரைக்கு மெயில் போகும்.

முதல் ஓட்டத்தில் 200 என்று பதில் வந்தது. எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம். அன்று மதியம் அக்கா எந்த வீடியோவும் பார்க்காமல் சாப்பிட்டார்.

ஆறு வாரம் ஓடியது. ‘நேற்று எத்தனை முறை புரண்டு படுத்தீர்கள்?’ என்பது மாதிரியான தலைப்புகளை மாப்பிள்ளையே யோசித்து எழுதினார். காலையில் வந்ததும் பட்டியலின் எண்ணிக்கையைப் பார்ப்பார். “ஆறாயிரத்து நானூறு பேருல ஒருத்தர்கூடக் குறையலக்கா. எல்லாம் எழுத்துலதான் இருக்கு” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் ஒரு பெரியவர் வந்தார். விற்பனையாளர் அவருக்கு மூன்று மெத்தைகளை அழுத்திக் காட்டிய பிறகுதான், “எனக்கு மெத்தை வேண்டாம். மெயில் வேண்டாம்னு சொல்ல வந்தேன்” என்றார். தலையணை உறைகளை அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்கு, அக்காவிடம் அனுப்பிவைத்தார்கள்.

“மெயிலுக்குக் கீழே ‘விலக’ன்னு ஒண்ணு இருக்கும், அதை அமுக்கினீங்களா சார்?” என்று அக்கா பொறுமையாகக் கேட்டார்.

பெரியவர் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டை எடுத்தார். ரயில்வேயில் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். நோட்டில் தேதி, மெயில் வந்த நேரம், அவர் விலகிய நேரம் என்று மூன்று பத்திகள் இருந்தன.

“நாப்பத்தோரு தடவை அமுக்கியிருக்கேன்மா. ஒவ்வொரு தடவையும் ‘நீங்கள் விலகிவிட்டீர்கள், வருந்துகிறோம்’னு வருது. மறுநாள் ஆறு முப்பதுக்கு மெயில் வருது. ஒருநாள்கூட லேட் ஆகல. அதை மட்டும் பாராட்டணும்.”

அவரை உட்காரவைத்துவிட்டு அக்கா நிரலைத் திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முகவரியோடும் ஒரு நிலையைக் குறிப்பிட வேண்டும். அதற்கு லைப்ரரியில் இரண்டு வழிகள் இருந்தன. ‘புதியவராக இருந்தால் மட்டும் சேர்’ என்பது ஒன்று. ‘யாராக இருந்தாலும் சேர்’ என்பது மற்றொன்று. மாதிரியில் இரண்டாவது இருந்தது. அக்காவும் இரண்டாவதையே வைத்திருந்தார். விலகியவர்களையெல்லாம் தினமும் ஆறு மணிக்கு அவருடைய நிரல் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்திருக்கிறது. லைப்ரரியும் சொன்னதைச் செய்துவிட்டு 200 என்று சொல்லியிருக்கிறது.

அக்கா பெரியவர் பக்கம் திரும்பினார். “தப்பு என்னோடதுதான் சார். நான்தான் எழுதினேன்.”

“மெஷின் தப்புன்னுல்ல நினைச்சேன்” என்றார் பெரியவர். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு. “அப்ப நான் எழுதின காரணத்தையெல்லாம் படிச்சிருப்பீங்க.”

விலகும்போது காரணம் கேட்டு ஒரு கட்டம் வரும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. யாரும் திறந்தே பார்க்காத பக்கம் அது. பெரியவர் போனபிறகு திறந்தார்.

முதல் நாள்: ‘மெத்தை வாங்கிவிட்டேன். நன்றி.’ இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை: ‘மேற்படி.’ பதினைந்தாம் நாள்: ‘மெத்தை நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இன்னொன்று தேவைப்படவில்லை.’ இருபத்தேழாம் நாள்: ‘நான் புரண்டு படுப்பதில்லை.’ முப்பத்து மூன்றாம் நாள்: ‘இதை யாராவது படிக்கிறீர்களா?’

அக்கா அந்தப் பக்கத்தை மூடாமலே நிரலுக்குத் திரும்பினார்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொல். கணவருக்கு போன் போட்டுச் சொன்னார். “சத்தமில்லாம மாத்திட்டு வேலையைப் பாரு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் அவர், வாயில் எதையோ கடித்துக்கொண்டு.

மாற்றினார். ஆனால் ஏற்கெனவே இழுத்து வரப்பட்டவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். யார் யார் எப்போது விலகினார்கள் என்ற வரலாற்றைச் சேவை பத்திரமாக வைத்திருந்தது. அதே லைப்ரரியைக் கொண்டு ஒவ்வொருவருடைய வரலாற்றையும் கேட்டு வாங்க ஒரு நிரல் எழுதினார். வேகமாகக் கேட்டால் சேவை பதில் சொல்ல மறுத்தது. ஆகவே கேட்டு, நிறுத்தி, மறுபடி கேட்டு, இரண்டு மணி நேரம் ஆனது. ஒருமுறையாவது விலகியவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பேர்.

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். “அவ்வளவு பேரையும் எடுத்தா பட்டியலே இளைச்சுடுமேக்கா!”

“அவங்க என்னைக்கோ போயிட்டாங்க மாப்பிள்ளை.”

“சரி, மன்னிப்பாவது கேட்கணும்ல? மரியாதையா இருக்கும்.”

“எப்படிக் கேட்கறது?”

“ஒரு மெயில் போடுவோம்.”

“மெயிலே வேண்டாம்னவங்களுக்கா?” என்றார் அக்கா. மாப்பிள்ளைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்தபிறகும், “கீழே பத்து சதவீதத் தள்ளுபடி குடுத்தா?” என்று கேட்டுப் பார்த்தார்.

விஷயம் முதலாளியிடம் போனது. மாப்பிள்ளைக்குப் பத்து நிமிடம், அக்காவுக்கு இரண்டு நிமிடம் காது கொடுத்தார். நோட்டோடு வந்த பெரியவரைப் பற்றித்தான் அவர் கேட்டது எல்லாம்.

“நம்ம மெத்தை எப்படி இருக்காம்?”

“நல்லா இருக்குன்னு பதினஞ்சாவது நாள் எழுதியிருக்காருங்க.”

“அப்ப நல்ல வாடிக்கையாளர்தான். விலகினவங்க எல்லாரையும் விட்டுடு.”

அன்றே அக்கா அவர்களை ஒவ்வொருவராக விடுவித்தார். பட்டியல் நாலாயிரத்து நானூற்று எண்பத்தெட்டுக்கு இறங்கியது. இனி விலகியவர் யாராவது மறுபடி பட்டியலில் தெரிந்தால் அன்றைய மெயிலையே நிறுத்திவிடும்படி ஒரு சோதனையையும் நிரலில் சேர்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெரியவரை போனில் அழைத்தார்.

“சார், மெயில் வந்துச்சா?”

“வரல.”

“இனிமே வராது.”

“பாக்கலாம்” என்றார் பெரியவர்.

எட்டாம் நாள் அவரே கூப்பிட்டார். நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டதாகத் தெரிவித்தார். வேறு பேச்சு இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அக்கா காரணங்கள் பக்கத்தை அச்செடுத்து மாப்பிள்ளையின் மேசையில் வைக்கிறார். மாப்பிள்ளை படிக்கிறார். தினமும் போன மெயில், மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாதத்துக்கு ஒன்றாகியிருக்கிறது.